சீதாராமன் சாரின் சனிக்கிழமைகள்

எங்கள் நடைக் குழுவில் எல்லோருக்கும் முன்னால் போகத்தான் ஆசை. ஷார்ஜாவில் லிஃப்ட் பழுதாகிவிட்டால் இரண்டாவது மாடிக்கு ஏற மூக்கால் அழுகிறவர்கள்கூட, மலை என்று வந்துவிட்டால் முதல் ஆளாகப் போய் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கீழே மூச்சு வாங்கி வருகிறவர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒருவர், "நான் கடைசியா வரேன், நீங்க போங்க" என்று சொன்னால் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடத்தானே செய்வார்கள்? சீதாராமன் சாரை அப்படித்தான் வைத்திருந்தோம்.

நான் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்டாக இருக்கிறேன். காலையில் இருந்து கடை மூடும்வரை நின்றுகொண்டே செய்கிற வேலை. நின்று நின்று காலெல்லாம் நரம்பு புடைத்துப் போனவன், கிடைக்கிற ஒரு நாளும் மலையில் போய் ஏன் நடக்க வேண்டும் என்று என் மனைவி கேட்பாள். இங்கே இருக்கிற எல்லோருக்கும் ஏதோ ஓர் அலுப்பு. அதைக் கொண்டுபோய் எங்காவது இறக்கி வைத்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறோம். பெரும்பாலும் இறக்கியதைவிடக் கொஞ்சம் கூடவே தூக்கிக்கொண்டு திரும்புகிறோம்.

சீதாராமன் சாருக்கு ஐம்பத்தெட்டு வயது. சொந்த ஊர் திருச்சி. ஒரு கட்டுமான நிறுவனத்தில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். பெரிய கட்டடங்களின் வரைபடங்கள் திருத்தப்பட்டு வர வர, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை உரிய ஆட்களுக்கு அனுப்புகிற வேலை. ஒரு காலத்தில் அந்த அலுவலகத்தில் சாரைக் கேட்காமல் ஒரு தாள் நகராது. பிறகு எல்லாம் கணினிக்குள் போனது. வரைபடங்கள் தாமாகவே போய்ச் சேர்ந்தன. சாரின் மேஜையைப் பிரின்டர் பக்கத்துக்கு மாற்றினார்கள். இப்போது அவரிடம் வருகிறவர்கள் எல்லாம், "சார், பேப்பர் எங்க இருக்கு?" என்று மட்டும்தான் கேட்கிறார்கள். விசாவைப் புதுப்பிப்பார்களா, அறுபது வந்ததும் பெட்டி கட்டச் சொல்வார்களா என்று யாரும் வாய் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

வீட்டில் அவரும் மனைவி ஜெயலட்சுமியும் மட்டும். அந்த அம்மா முன்பு வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தவர். பிள்ளைகள் ஆன்லைனுக்குப் போய்விட்டதால் வீடு அமைதியாகிவிட்டது. ஒரே மகன் பாலா கனடாவில். அவன்தான் இந்த மலை விவகாரத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவன்.

ஒருநாள் வீடியோவில் அவன் காலைக் காட்டினானாம். டென்னிஸ் மட்டை மாதிரி ஒன்றை ஷூவுக்கு அடியில் கட்டிக்கொண்டு, தொடை உயரப் பனியில் மூழ்காமல் நடந்துகொண்டிருந்தான்.

"வீட்டுப் பக்கத்துலயே இருக்குப்பா. காட்டுக்குள்ள பாதை போட்டு வெச்சிருக்காங்க. லீவு நாள்ல எல்லாரும் குடும்பத்தோட கிளம்பிடுவாங்க."

"உனக்கென்னடா. இங்க வீட்ட விட்டு இறங்கினா டிராஃபிக்தான்" என்றார் சார்.

"யாரு சொன்னா? இருங்க" என்று அவன் அங்கிருந்தே போனில் தேடி, ஷார்ஜாவில் இருந்து ஒரு மணி நேரத்தில் மலைகள் இருக்கின்றன, நடைப்பாதைகள் இருக்கின்றன, வாரா வாரம் போகிற தமிழ்க்குழுகூட இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தான். இருபது வருடத்துக்கு மேல் இங்கே குப்பை கொட்டியவருக்குப் பக்கத்தில் மலை இருக்கிற சேதி கனடாவில் இருந்துதான் வர வேண்டியிருந்தது. எனக்கும் என் பக்கத்து ஃபிளாட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும் என்பதால் இதில் நான் அதிகம் சிரிக்க முடியாது.

பாலா சொன்னதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதற்கு ஆறேழு மாதம் முன்னால் ஊருக்கு லீவில் போனபோது சாருக்கு நெஞ்சு வலி வந்து, திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இன்னொரு ரத்தக் குழாயில் இருந்த அடைப்பை மாத்திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். "நல்லா நடங்க. சமதரையில மட்டும். ஏறக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். இது எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. மாத்திரைச் சீட்டை வைத்தே ஜாதகம் சொல்கிற எனக்கும் தெரியாது. பிற்பாடு அவரே சொன்னதுதான்.

குழுவை நடத்துகிறவர் பானுப்பிரியா. இங்கே ஒரு பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். பத்துப் பன்னிரண்டு பேரை அதட்டி மேய்க்கிற குரல் அவரிடம் இயல்பாகவே இருந்தது. சாரை முதன்முதலில் அழைத்துப் போனது ஒரு வாடிக்கு. வாடி என்றால் மலைகளுக்கு நடுவே வறண்டு கிடக்கிற ஆறு. கூழாங்கல்லும் மணலுமாக, கிட்டத்தட்டச் சமதரைதான். சார் நன்றாகவே நடந்தார். வீட்டுக்குப் போய் ஜெயலட்சுமியிடம், "ஆத்துக்குள்ள நடக்கிற மாதிரிதான் ஜெயா. ஏத்தமே கிடையாது" என்று சொன்னார். அன்றைக்கு அது உண்மை.

அடுத்த மாதம் பானுப்பிரியா மலை ஏற்றத்துக்கு மாறினார். சாரால் முடியவில்லை. கூட்டம் மேலே போய்க்கொண்டே இருக்க, அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். அன்றோடு வராமல் நின்றுவிடலாம் என்றுதான் நினைத்தாராம். அப்போது மேலே இருந்து பானுப்பிரியா குரல் கொடுத்தார்.

"சார், நீங்க பின்னாடியே இருக்கீங்கள்ல? அப்படியே கடைசியா வரீங்களா? யாரும் விட்டுப்போகாம பாத்துக்கணும். நான் முன்னாடி இருக்கிறதால எனக்குத் தெரிய மாட்டேங்குது."

"சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் சார். மூச்சு வாங்கியதில் அந்த மூன்று வார்த்தையைச் சொல்லவே அவருக்கு நேரமானது. ஆனால் அந்த நிமிடத்தில் அவருக்கு ஒரு பதவி கிடைத்துவிட்டது. இனி அவர் முடியாமல் பின்தங்கியவர் இல்லை, பொறுப்பாகப் பின்னால் வருகிறவர்.

அதற்குப் பிறகு அவர் செய்த தில்லுமுல்லுகளை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. மூச்சு முட்டும்போதெல்லாம் ஷூ லேஸ் அவிழ்ந்துவிடும். உட்கார்ந்து சாவகாசமாகக் கட்டுவார். அவரது பிறந்தநாளுக்கு நாங்கள் நல்ல லேஸாகப் பார்த்து ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தோம், அதுவும் அவிழ்ந்தது. நெஞ்சு இறுகினால் மலையில் மேய்கிற ஆடுகளைப் போட்டோ எடுப்பார். எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் இருக்கிற ஆட்டுப் படங்களை வைத்து ஒரு சந்தையே நடத்தலாம். அத்தனையும் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற இடங்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேலையை அவர் மனதாரச் செய்தார். புதிதாக வந்த பெண் ஒருத்தி செங்குத்தான இடத்தில் பயந்து அழுதபோது, கூடவே உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து கூட்டி வந்தார். ஒருமுறை எனக்குக் கணுக்கால் பிசகியபோது என் பையையும் சேர்த்துச் சுமந்தார். அன்றைக்கு அவர் நெஞ்சு என்ன பாடுபட்டதோ. நாள் முடிவில் பானுப்பிரியா, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டால் எல்லோரும் சார் முகத்தைத்தான் பார்ப்போம். வாரம் முழுக்கப் பேப்பர் எங்கே என்பதைத் தவிர வேறு எதற்கும் யாராலும் கேட்கப்படாத மனிதரை, சனிக்கிழமை சாயங்காலம் அத்தனை பேரும் ஒன்றாகப் பார்த்தார்கள். அதற்காக அவர் நெஞ்சில் இருந்த அடைப்பையும் மறைத்தார், மனைவியிடம் வாரா வாரம் பொய்யும் சொன்னார். ஏறுகிறார் என்று தெரிந்தால் ஜெயலட்சுமி விட மாட்டார். ஸ்டென்ட் என்று தெரிந்தால் பானுப்பிரியா விட மாட்டார். இரண்டில் எது வெளியே வந்தாலும் சனிக்கிழமை போய்விடும்.

அவர் ஒரு முறையும் வைத்திருந்தார். பழைய டாக்குமென்ட் கன்ட்ரோலர் அல்லவா, முறை இல்லாமல் இருக்க முடியாது. உச்சியில் இருந்து கடைசி ஆளும் இறங்கத் தொடங்கியதும் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் போடுவார். மேலே யாரும் இல்லை என்று அர்த்தம். கார்களிடம் வந்து எல்லோரையும் எண்ணிப் பார்த்ததும் இன்னொரு கட்டைவிரல். அந்த இரண்டாவது விரல் விழாமல் எந்த வண்டியும் நகராது. இந்த ஏற்பாடு எங்களுக்கு அவ்வளவு பழகிப்போய்விட்டதால், நாங்கள் பக்கத்தில் இருக்கிறவனைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்கியிருந்தோம்.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மசாஃபிக்கு அப்பால் ஒரு மலைக்குப் போனார்கள். எனக்கு அன்று கடையில் டூட்டி. நடந்ததைப் பிறகு மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு ஒட்டிச் சேர்த்தேன்.

இரண்டு வண்டிகள். ஒன்று பானுப்பிரியாவுடையது, சாரின் வீடு இருக்கிற ரோலா வழியாகப் போகிறது. இன்னொன்று விஜயபாஸ்கரின் பெரிய வண்டி. இவர் துபாயில் ஒரு கார்கோ கம்பெனி மேனேஜர். அன்று பானுப்பிரியாவின் வண்டியில் அவரது பள்ளித் தோழிகள் ஏறிக்கொண்டதால், சாரை விஜயபாஸ்கர் ரோலா வரை வந்து ஏற்றிக்கொண்டார்.

உச்சியில் கூரை இல்லாத பழைய கல் வீடுகள் சில இருந்தன. பாதை கரடுமுரடு. பாதிக்கு மேல் கால் வைத்தால் சறுக்குகிற சரளை. சார் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் சாப்பிட்டு, படம் எடுத்து, இறங்கத் தயாராக இருந்தார்கள். அவருக்கு உட்கார நேரமில்லை. கடைசி ஆளும் இறங்கிப் போனதும் ஒரு சுவர் ஓரமாகச் சாய்ந்து நின்று கட்டைவிரலைப் போட்டார். மேலே சிக்னல் இல்லை. செய்தி போகாமல் போனுக்குள்ளேயே தங்கியது. அதை அவர் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருப்பதே அப்போது பெரிய வேலையாக இருந்ததாம்.

இறங்கும்போதுதான் அன்று மோசமானது. நெஞ்சுக்குள் யாரோ கையை வைத்து அழுத்துவது போல இருந்தது. நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தார். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்கள். அவரும் கையசைத்தார். லேஸ் கட்டுகிறார் என்று நினைத்துப் போய்விட்டார்கள். கொஞ்சம் தெளிந்ததும் எழுந்து மெதுவாக இறங்கி, ஒரு மேட்டைத் தாண்டினார். அந்த மேட்டில் ஒரு நிமிடம் சிக்னல் வந்து போனது. உச்சியில் போட்ட கட்டைவிரல் அப்போதுதான் கீழே போய் விழுந்தது.

அந்த நேரம் கீழே கார்களிடம் எல்லோரும் வந்து சேர்ந்து, தண்ணீர் குடித்து, ஷூவில் இருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பானுப்பிரியா வழக்கம்போல, "எல்லாரும் வந்தாச்சா?" என்றார். எல்லோருடைய போனும் ஒரு சத்தம் போட்டது. சாரின் கட்டைவிரல். முதல் விரல் மேலேயே வந்திருக்கும், சிக்னல் இல்லாததால் தாங்கள் பார்த்திருக்க மாட்டோம், இது இரண்டாவது என்று எடுத்துக்கொண்டார்கள். தோழிகளில் ஒருத்தி துபாய்க்குப் போக வேண்டுமென்று விஜயபாஸ்கரின் வண்டிக்கு மாறினாள். பானுப்பிரியாவின் வண்டியில் ஒரு இடம் காலி ஆனதால் சார் ரோலாவுக்கு அதிலேயே போகிறார் என்று விஜயபாஸ்கர் நினைத்தார். வந்த வண்டியிலேயே திரும்புகிறார் என்று பானுப்பிரியா நினைத்தார். ஷார்ஜா டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளும் முன் போய்விட வேண்டும் என்று இரண்டு பேரும் வண்டியை எடுத்தார்கள்.

சார் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் திருப்பி நிறுத்துகிறார்கள் என்று நினைத்தார். பிறகு புழுதி தார் ரோட்டில் ஏறியது. இரண்டு வண்டிகளும் மலைத் திருப்பத்தில் மறைந்தன.

"கத்தலையா சார்?" என்று நான் கேட்டேன்.

"கத்த மூச்சு வேணுமே" என்றார்.

கீழே இறங்கி வந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் போயிருந்தது. வாடியின் வாசலில் ஒரு ஆட்டுப்பட்டி. அதைப் பார்த்துக்கொள்ளும் லுக்மான் என்கிற பாகிஸ்தான்காரர் இவரைப் பார்த்து, "காடி சலா கயா, பாய்" என்றார். வண்டி போய்விட்ட விஷயம் சாருக்குத் தெரியும் என்பதால், "ஆயேகா, ஆயேகா", வந்துவிடும் என்று மட்டும் சொன்னார். லுக்மான் தன் கயிற்றுக் கட்டிலைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு ஆடுகளை அடைக்கப் போய்விட்டார்.

அங்கே சிக்னல் நன்றாக இருந்தது. போன் கையில் இருந்தது. பானுப்பிரியாவைக் கூப்பிட்டால் கால் மணி நேரத்தில் வண்டி திரும்பியிருக்கும். அவர் கூப்பிடவில்லை. முதலில், கூப்பிட்டால் ஏன் பின்தங்கினீர்கள் என்று கேட்பார்களே என்று யோசித்தாராம். பிறகு வேறொரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. யாராவது ஒருவருக்காவது தன் நினைப்பு வருகிறதா, பார்க்கலாம். ஒவ்வொரு வாரமும் அத்தனை பேரையும் எண்ணியவர் இல்லையா. தன்னை எண்ண எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

போன் அடிக்கவில்லை. குழுவில் படங்கள் வர ஆரம்பித்தன. உச்சியில் எடுத்தவை. எதிலும் அவர் இல்லை. அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை, அவர் வந்து சேர்வதற்கு முன் எடுத்தவைதானே. பிறகு தைத் ஊரில் டீக்கடையில் எடுத்த படங்கள். ஆளுக்கொரு கப் கரக் டீயோடு எல்லோரும் சிரித்தார்கள். சார் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். முகங்களை எண்ணினார். எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் தனக்கு அழுகை வந்துவிட்டது என்று என்னிடம் வெட்கப்படாமல் சொன்னார்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்ததும் போன் அடித்தது. ஜெயலட்சுமி.

"ஏங்க, கிளம்பிட்டோம்னு போன் பண்ணுவீங்களே, காணோமே. எங்க இருக்கீங்க?"

"வந்துகிட்டே இருக்கோம் ஜெயா. தைத்ல டீ குடிக்க நிறுத்தியிருக்காங்க."

"ஆடு கத்துது."

சார் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"தனியாவா இருக்கீங்க?"

"ஆமா."

"விட்டுட்டுப் போயிட்டாங்களா?"

"தெரியாமப் போயிட்டாங்க. வந்துடுவாங்க."

"மாத்திரை வெச்சுக்கிட்டீங்களா, நாக்குக்கு அடியில?" என்றார் ஜெயலட்சுமி.

"அது எதுக்கு இப்ப? சமதரைலதான்..."

"போதுங்க. சமதரையில நடக்கிற மனுஷனுக்கு மாசம் ஒரு பேன்ட் பின்பக்கம் கிழியுமா? உக்காந்து சறுக்கி எறங்கினாத்தான் அப்படிக் கிழியும். நான்தானே தைக்கிறேன்."

கிழிந்த பேன்ட்டுகளைச் சார் அழுக்குக் கூடையின் அடியில் அமுக்கி வைப்பார். அவை தைத்து, தேய்த்து அலமாரிக்குத் திரும்பி வரும். இத்தனை நாளும் அதைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை.

"எப்பலேருந்து தெரியும்?"

"ஆரம்பத்துல இருந்தே தெரியும். ரெண்டு வருஷம் ஆச்சு."

"சொல்லியிருக்கலாமே ஜெயா."

"சொன்னா நின்னுடுவீங்க. நின்னுட்டு இந்தச் சோபாவுல உக்காந்து செவுத்தப் பாப்பீங்க. ஆஸ்பத்திரில இருந்து வந்து ஆறு மாசம் அப்படித்தானே உக்காந்திருந்தீங்க. கூப்பிட்டாகூடத் திரும்பல. சனிக்கிழமை போயிட்டு வந்தா ராத்திரி வாய் ஓயாமப் பேசறீங்க. அந்தப் பொண்ணு அழுதா, இவனுக்குக் கால் பிசகிடுச்சுன்னு. அதுக்கு இது தேவலைன்னு விட்டுட்டேன்."

சார் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆனா எனக்கு அலுத்துப்போச்சுங்க" என்றார் ஜெயலட்சுமி. அழவில்லை, கோபப்படவில்லை. கடையில் இருந்து கனத்த பையோடு வந்து வாசலில் இறக்கி வைக்கிற குரலில் சொன்னார். "ஒவ்வொரு வாரமும் போன் வர்ற வரைக்கும் உயிர் போய் உயிர் வருது. என்னாலயும் முடியல."

அதன்பிறகு ஜெயலட்சுமிதான் பானுப்பிரியாவைப் போனில் அழைத்தார். தைத் டீக்கடையில் நடந்த கலவரத்தை விஜயபாஸ்கர் விவரமாகச் சொன்னார். இரண்டு வண்டிக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்து, "உங்க வண்டில இல்லையா?" என்று ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டார்களாம். டீ அப்படியே மேஜையில் நின்றது. விஜயபாஸ்கர் வந்த வழியே வண்டியைத் திருப்பினார். பானுப்பிரியாவும் அதிலேயே ஏறிக்கொண்டார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பானுப்பிரியா ஓடிப்போய் அவர் எதிரே மண்ணிலேயே உட்கார்ந்து அழுதார். அதட்டியே பழகியவருக்கு அழுகை ஒழுங்காக வரவில்லை.

"ஏன் சார் ஒரு போன் பண்ணல? சிக்னல் இருக்கே."

"யாருக்காவது ஞாபகம் வருதான்னு பாத்தேன்மா" என்றார் சார்.

விஜயபாஸ்கர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். சார் குடித்துவிட்டு, ஸ்டென்ட் விஷயத்தையும் சொன்னார். ஒளித்து வைக்க இனி ஒன்றுமில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்கள். "இல்லை, முதல்ல ஜெயா" என்று சொல்லிவிட்டார். அன்றே வீட்டில் இருந்து மனைவியோடுதான் டாக்டரிடம் போனார். புதிதாக ஒன்றும் கெடவில்லை, ஆனால் இப்படியே போனால் கெடும் என்று அந்த டாக்டரும் திருச்சி டாக்டர் பாடிய அதே பாட்டைப் பாடினார்.

குழு இப்போது ஏகப்பட்ட சட்டம் போட்டிருக்கிறது. கட்டைவிரல் கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, அப்புறம்தான் வண்டி நகரும். கடைசியாக வருவதற்கு இரண்டிரண்டு பேராக முறை வைத்தோம். என் முறை வந்தபோதுதான் தெரிந்தது, கடைசியாக நடப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று. முன்னால் போகிறவர்கள் நின்றால் நாமும் நிற்க வேண்டும், அவர்கள் இளைப்பாறிக் கிளம்புகிற நேரத்தில்தான் நாம் போய்ச் சேருவோம். நமக்கு இளைப்பாற நேரமே கிடையாது. இதை ஓட்டை நெஞ்சை வைத்துக்கொண்டு அவர் எப்படிச் செய்தார் என்று எனக்குக் கோபமாகக்கூட வந்தது.

எல்லோரும் அவரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். சார் வரவில்லை. போன வாரம் கடைக்கு வந்தார். வாசலில் கூட்டமில்லை. நான் விடவில்லை.

"சார், மலைல ஏற வேண்டாம். கார்கிட்ட நாற்காலி போட்டு உக்காருங்க. நாங்க திரும்பி வர்றப்ப நீங்க எண்ணினாத்தான் எங்களுக்குத் திருப்தியா இருக்கும். பானு மேடம் சொல்லி அனுப்பியிருக்காங்க."

சொன்னதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அது வந்த வேகத்தில் போனதையும் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாம்பா. சோபாவுல உக்காந்துட்டு இருக்கிறது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. பொய் சொல்லல. ஆனா போன சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு ஜெயா அப்படியே படுத்துத் தூங்கிட்டா. நல்ல தூக்கம். வாய் தொறந்திருக்கு, போன் அடிக்குது, அது கூடத் தெரியல அவளுக்கு. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா சனிக்கிழமை மத்தியானம் அவ ஒரு நாள்கூடத் தூங்கினதில்லையாம். எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் மலைல இருந்தேனே."